இரண்டாவது பிரேக்

தெருவில் அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காருவார், அக்கா பக்கத்து சீட்டில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அவளுடைய வலது கால் எப்போதும் இருக்கும். வண்டியில் இல்லாதபோதும் இருக்கும். பஸ்ஸில் போனால் முன் சீட்டின் கம்பியை மிதிப்பாள். டிவியில் யாராவது சாலையைக் குறுக்கே கடந்தால் சோபாவுக்கு அடியில் கால் அசையும். "நின்னுடுச்சு, விடு" என்பார் வீட்டுக்காரர்.

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் அக்கா கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். குடும்பம் வேண்டுமா, லைசென்ஸ் வேண்டுமா என்ற கட்டம் வந்தபோது அவர் குடும்பத்தைத் தேர்ந்துகொண்டார்.

ஒரு நாள் காலை, ஆளில்லாத நேர்சாலையில் தையற்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மச்சான் வெளிநாடு போகும்போது தன் பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டதால் கற்றுக்கொள்ள வந்திருந்தார். அக்கா திடீரென்று மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"நாய்" என்றாள்.

தையற்காரர் எட்டிப் பார்த்தார். "மரத்தோட நிழலுங்கக்கா."

"தெரியும். முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்."

அடுத்த திருப்பத்தில் நிஜமாகவே ஒரு சைக்கிள் வந்தது. அக்கா மிதிக்கவில்லை. தையற்காரர்தான் எப்படியோ நிறுத்தினார். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அக்காவுக்கு முதலில் திட்டு கேட்டது, அப்புறம்தான் சைக்கிள் தெரிந்தது.

வண்டியை அங்கேயே ஓரங்கட்டிப் பூட்டச் சொன்னாள். இருவரும் நடந்தே திரும்பினார்கள். எதிர்த் தெருவில் இன்னொரு பயிற்சிப் பள்ளி நடத்தும் போட்டிக்காரர்தான் போய் வண்டியை எடுத்துவந்து வாசலில் விட்டார். அதற்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். தையற்காரரையும் மற்ற மாணவர்களையும் அவரிடமே அனுப்பிவிட்டு, கண் சரியாகும்வரை அந்த சீட்டில் உட்காரப்போவதில்லை என்று அக்கா வீட்டில் அறிவித்தாள். சொல்லிவிட்டாளே தவிர, அந்த சீட்டை விட்டால் உலகத்தில் வேறு எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை சமையலறை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கால் மேஜையின் காலை மிதித்துக்கொண்டிருந்தது.

கண்ணில் புரை வந்திருப்பது திடீர்ச் செய்தி இல்லை. கொஞ்ச நாளாகவே எதிரே வரும் விளக்குகள் பூசணிப்பூ மாதிரி விரிந்தன. அக்கா முதலில் காரின் முன்கண்ணாடியை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு வைப்பரை மாற்றினாள். பிறகு, மாநகராட்சி மட்டமான பல்பு போடுகிறது என்று முடிவு செய்தாள். தன் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று.

நாத்தனாருக்குச் செய்தி போனது. அவள் போன வருஷம் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டவள். அவளுக்குப் பார்வை திரும்பியதிலிருந்து சொந்தக்காரர் வீடுகளில் நிம்மதி போயிற்று. எந்த வீட்டுக்குப் போனாலும் மின்விசிறி இறக்கையைப் பார்த்து, "தூசி இவ்வளவா" என்பாள். அன்றும் உள்ளே வந்ததும் விசிறியைப் பார்த்தாள், பிறகுதான் அண்ணியைப் பார்த்தாள். தனக்குச் செய்த ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும், அங்கே எல்லாம் கண்ணாடிக் கதவு, போன உடனே தேதி கொடுத்துவிடுவார்கள் என்று அடித்துச் சொன்னாள்.

அக்கா போனாள். வாசலில் 'டாக்டர்' என்று பலகை வைத்த இடத்தில் ஒரு பெரிய கார், இரண்டு வண்டி நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவந்தாள்.

"நீங்க கண்ணைக் காட்டப் போனீங்களா, காரைப் பாக்கப் போனீங்களா?" என்று நாத்தனார் போனில் கேட்டாள்.

"என் கண்ணு மங்கல்தான். அந்த மங்கல்லயே கோணல் தெரியுது. அந்தாளு என் கண்ணுக்குள்ள லென்ஸை எப்படி நிறுத்துவாரு?"

வீட்டுக்காரர் இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக நினைத்தார். நாத்தனார் தன் கண்ணில் லென்ஸ் நேராக இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு கண் டாக்டர் இருந்தார். அவருடைய காரைப் பார்த்ததும் அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. தூணுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், பின்பக்கமாக எடுத்து, நூல் பிடித்தாற்போல நிறுத்தியிருந்தது. தன் கண்ணை நம்பாமல் கையால் அளந்தாள். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கமும் ஒரு சாண். இவர்தான் என்று தீர்மானித்து உள்ளே போகத் திரும்பியபோது, தூணுக்குப் பின்னாலிருந்து டீ கிளாஸுடன் ஒருவர் வந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். ஏதாவது உரசிவிட்டதா அம்மா என்று பதறிக் கேட்டார். அவர் டாக்டரின் டிரைவர். டாக்டர் பின் சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வருவாராம், ஸ்டியரிங்கைத் தொட்டே பல வருஷமாகிறதாம்.

அக்கா ஏமாந்துபோனாள். ஆனாலும் தொழில்காரருக்குத் தொழில்காரர் மரியாதை உண்டு. நிறுத்திய விதத்தைப் பாராட்டினாள். பேச்சு வளர்ந்து, கண்ணாடியைக் காட்டி, டாக்டர் கொடுத்ததா என்று கேட்டாள். டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அவருகிட்ட காட்டலைங்க. எனக்குக் கண்ணு சரியில்லன்னு அவருக்குத் தெரிஞ்சா வண்டியைக் குடுப்பாரா?"

"அப்ப எங்க காட்டினீங்க?"

"பெயின்ட் கடை மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. முடியும்னா முடியும்பாங்க, முடியாதுன்னா முகத்துக்கு நேராச் சொல்லிடுவாங்க. கண்ணாடி பழகற வரைக்கும் என்னை ஆறு வாரம் ஓட்டவே விடல. ஊருல சாவுன்னு சொல்லி லீவு போட்டேன்."

அக்காவுக்கு அவர்மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. மரத்து நிழலை நாய் என்று சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்காரரிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

பெயின்ட் கடைக்குப் பக்கத்துப் படி செங்குத்தானது. மேலே நீளமான அறை. சொட்டுமருந்து விட்டுக்கொண்டவர்கள், கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதுபோல முகத்தை நிமிர்த்தி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வாசலில் கார் எதையும் பார்த்திருக்கவில்லை. டாக்டர் எதில் வருவார் என்று நர்ஸிடம் கேட்டாள். பஸ்ஸில் என்றாள் நர்ஸ். இதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா கெட்டது என்று எடுத்துக்கொள்வதா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

இருட்டறை. மேஜைமேல் ஒரு கருவி. அதில் முகவாயை வைக்கச் சொன்னது ஒரு குரல். வெளிச்சம் கண்ணுக்குள் வந்தது. நேராகப் பார்க்கச் சொன்ன குரல் பிறகு தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல, "நடுக்கண்ணாடி, ஓரக்கண்ணாடி, அப்புறம் ரோடு, அப்புறம்தான் கை" என்றது.

"இது நான் சொல்றதாச்சே" என்றாள் அக்கா, முகவாயை எடுக்காமலே.

"உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். கத்துக்கலன்னும் சொல்லலாம். ரெண்டு டெஸ்டுலயும் போச்சு. உனக்கு பஸ்தான் தாயி லாயக்குன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் பஸ்தான்."

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. படிப்பு முடித்த புதிதில் வந்த ஒல்லியான பெண். வகுப்பில் சாதுவாக ஓட்டுவாள். டெஸ்டில் மட்டும் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்று விடாமல் தள்ளிவிட்டு, அதிகாரியின் நாற்காலிவரை போய் நின்றவள். நாற்காலியில் அதிகாரி இல்லாதது அன்றைய தினத்தின் ஒரே நல்ல விஷயம். அந்தக் கையிலா இப்போது தன் கண் என்று அக்கா நினைத்தாள். எழுந்துவிடலாமா என்று பார்த்தாள். இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

இரண்டு கண்ணிலும் முற்றிய புரை, வலது மோசம், முதலில் அதைச் செய்துவிட்டு இடதைப் பிறகு பார்க்கலாம் என்றாள் டாக்டர். சாய்வுப் படுக்கையில் படுக்கச் சொல்லி, விரலால் மேல் இமையை லேசாகத் தூக்கி விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். அக்காவின் வலது கால் படுக்கையின் கடைசிப் பலகையை ஓங்கி மிதித்தது. உடம்பு முழுக்க மேலே ஏறியது. தலை தலையணையை விட்டு நகர்ந்தது.

டாக்டர் விளக்கை அணைத்தாள். மறுபடி ஒரு தடவை முயன்றாள். மறுபடி மிதி.

"அந்தக் கால் இன்னும் இருக்கா" என்றாள். "இதை வச்சுக்கிட்டு நான் செய்ய முடியாதுக்கா."

சொட்டுமருந்து விட்டுக் கண்ணை மட்டும்தான் மரத்துப்போகச் செய்வது வழக்கம். ஆள் விழித்திருக்க வேண்டும், அசையக் கூடாது. முழு மயக்கம் கொடுப்பதை, அக்காவின் பிரஷருக்கும் சுகருக்கும், டாக்டர் விரும்பவில்லை. காலைக் கட்டிப்போட்டாலும் அது உதைக்கிற வேகத்தில் தலை அசையும். கால் தானாக அடங்க வேண்டும். அடங்கிய பிறகு வாருங்கள், தேதி தருகிறேன் என்றாள்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டாள். "நீ ஏன் டெஸ்டுல அப்படிப் போய் மோதினே?"

"உங்க கால் அங்க இல்லையேக்கா." டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தாள். "உங்க வண்டியில நான் பிரேக்கை நினைக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிருப்பீங்க. வண்டி தானா நிக்கும்னே நெனச்சிட்டிருந்தேன்."

குறை சொல்கிற குரல் இல்லை அது. அடுத்தவரை அனுப்பும்படி நர்ஸிடம் சொன்ன அதே குரல்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா முன் சீட்டுக் கம்பியை மிதித்துக்கொண்டே யோசித்தாள். முதல் ஆஸ்பத்திரி பார்க்காமலே தேதி கொடுக்கும். இரண்டாவது டாக்டரின் வண்டி நூல் பிடித்து நிற்பது டிரைவரின் திறமை. முடியாது என்று சொன்னது இவள் ஒருத்திதான். இறங்கும்போது தீர்மானித்துவிட்டிருந்தாள். ரோட்டில் ஓட்டத் தெரியாதவளிடமா கண்ணைக் கொடுப்பது என்று நாத்தனார் கேட்டதற்கு, "அவளுக்கு ஓட்டத் தெரியாததுக்கு வேற ஆளு காரணம்" என்று மட்டும் சொன்னாள்.

பயிற்சி வீட்டில் தொடங்கியது. அக்கா கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு கண்ணை மட்டும் விட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் டார்ச் விளக்குடன் வந்து இமையைத் தொடுவார். முதல் நாள் கட்டிலின் கால்பக்கப் பலகை கழன்றது. அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து முடுக்கினார். இரண்டாம் நாளும் முடுக்கினார். மூன்றாம் நாள் ஸ்க்ரூ டிரைவரையும் டார்ச்சையும் சேர்த்தே கொண்டுவந்தார்.

"லிப்ட்டுல ஏறறவங்க யாராச்சும் காலை அழுத்தறாங்களா?" என்றார். "நம்மளவிட அந்தக் கயிறுக்கு அதிகமாத் தெரியும்னு சும்மா நிக்கறாங்க இல்ல?"

"நான் ஒரு நாளும் சும்மா நின்னதில்ல. உங்க லிப்ட்டுல நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

"தெரியும். அதனாலதான் உன்னை அஞ்சாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போறதையே விட்டேன்."

அந்த வாரக் கடைசியில் தையற்காரர் வந்தார். போட்டிக்காரரிடம் போய், முதல் டெஸ்டிலேயே தேறி, மச்சானின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்காவுக்கு அது கொஞ்சம் குத்தியது. அந்தப் பள்ளியில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். அங்கே வாத்தியார் பாதி நேரம் தூங்குவார், அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார் தையற்காரர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு ரவுண்டு போய் வரலாமா என்று கேட்டார்.

அக்கா முன் சீட்டில் ஏறினாள். வண்டி நகர்ந்ததும் கால் முன்னால் போய்த் தேடியது. அங்கே பிரேக் இல்லை, மிதியடிதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் நல்லது என்று தோன்ற, மூடினாள். அது இன்னும் மோசம். ஒவ்வொரு ஹாரனுக்கும் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. பிறகு, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அவள் மிதித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"அக்கா, மிதியடி கிழிஞ்சிடும். அப்புறம் நான்தான் தைக்கணும்" என்றார் தையற்காரர்.

மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும். தையற்காரர் துணி வாங்கப் போகும்போதும் தைத்ததைக் கொடுக்கப் போகும்போதும் அக்கா பக்கத்தில் இருந்தாள். மடியில் யாருடையதோ பேண்ட், யாருடையதோ பள்ளிச் சீருடை. அவர் ஓட்டுவதில் ஆயிரம் குறை இருந்தது. கியர் மாற்றும்போது ஒரு இழுவை, திருப்பங்களில் தாமதம். கண்ணை மூடியபடியே அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி போட்டிருந்தாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. மிதி மட்டும் மெல்லக் குறைந்து, பெரிய ஹாரன்களுக்கு மட்டும் என்று ஆகி, பிறகு லாரிக்கு மட்டும் என்று ஆனது.

ஒரு மத்தியானம் வண்டி நின்று, தோளை யாரோ தட்டினார்கள். வீட்டு வாசல் வந்திருந்தது. அக்காவுக்கு எந்த வழியாக வந்தோம் என்று தெரியவில்லை. வாயோரம் ஈரமாக இருந்தது.

"தூங்கிட்டீங்கக்கா" என்றார் தையற்காரர், ஏதோ பட்டம் வாங்கிவிட்ட முகத்துடன். "லாரி ஒண்ணு உரசற மாதிரி போச்சு. நீங்க அசையல."

பெயின்ட் கடை மாடியில் டாக்டர் இமையைத் தூக்கி, விளக்கைக் காட்டி, கால்பக்கம் பார்த்தாள். பிறகு தேதி கொடுத்தாள். கண்ணின் நீளத்தை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். உள்ளே வைக்கிற லென்ஸ் தூரத்துக்கு வேண்டுமா, கிட்டத்துக்கு வேண்டுமா என்று டாக்டர் கேட்டாள். படிப்பதற்கு எப்படியும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். முன்னால் போகிற வண்டியின் நம்பர் தெரிந்தால் போதும் என்றாள் அக்கா. மூன்று நாள் முன்னாலிருந்தே சொட்டுமருந்து. வீட்டுக்காரர் விடுவார், பாதி கன்னத்தில் போகும். அப்புறம் கொஞ்ச நாளைக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது என்பதால் முந்தின நாளே நாத்தனார் வந்து தலைக்கு ஊற்றிவிட்டாள். ஊற்றும்போதே குளியலறை மூலையைப் பார்த்துவிட்டு, "சரி, கட்டுப் பிரிச்சதும் நீங்களே பாப்பீங்க" என்றாள்.

ஆபரேஷன் அறையில் குளிர். காலணியைக் கழற்றச் சொன்னார்கள். முகத்தின்மேல் துணி வந்தது, ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. மேலே ஒரு வெளிச்சம், எதிரே வருகிற லாரியின் விளக்கு மாதிரி நேராக வந்து, போகாமல் நின்றது. அக்காவின் வலது தொடை இறுகியது. டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டதை அவள் உணர்ந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அக்கா மடியில் ஒரு பள்ளிச் சீருடை இருப்பதாக நினைத்துக்கொண்டாள். கியர் மாறும்போது வரும் அந்த இழுவையை நினைத்தாள். எப்படியும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், நிறுத்துவது வேறு ஆள். தொடை தளர்ந்தது. கை மறுபடி நகர்ந்தது. வெளிச்சம் உடைந்து, நீலமும் ரோஜா நிறமுமாகத் தண்ணீருக்குள் கரைவதுபோலக் கரைந்தது.

"முடிஞ்சுதுக்கா" என்றாள் டாக்டர். "கட்டைவிரல் மட்டும் ஒரு தடவை ஆடுச்சு. ஹாரன் அடிச்சீங்கன்னு வச்சுக்கறேன்."

மறுநாள் கண் கட்டைப் பிரித்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் டீ கொட்டியதுபோல இருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், மறுபடி மாற்றி, வழி முழுக்க அதையே செய்துகொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நின்ற தன் காரைப் பார்த்ததும், யார் பெயின்ட் அடித்தது என்று கேட்டாள். யாரும் அடிக்கவில்லை. அவள் எல்லோரிடமும் கிரீம் கலர் வண்டி என்று சொல்லிவந்தது வெள்ளை வண்டி. எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, "வாங்கின நாள்ல இருந்து" என்றார் வீட்டுக்காரர்.

கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். குனியக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நின்றபடியே பார்த்தாள். தன் பக்கத்து பிரேக்கின் ரப்பர் தேய்ந்து, நடுவில் இரும்பு பளபளத்தது. ஸ்டியரிங் பக்கத்து பிரேக்கில் ரப்பரின் கோடுகள் கடையில் வாங்கியதுபோல அப்படியே இருந்தன. இத்தனை பேர் அந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். அக்கா கதவை மெதுவாகச் சாத்தினாள். நாத்தனார் உள்ளேயிருந்து விசிறியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி அந்த சீட்டில் உட்காரலாம் என்று கண்ணைச் சோதித்துச் சொன்ன அன்றே, அக்கா டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். இந்த வயசில் எதற்கு என்றாள் டாக்டர். தையற்காரரைவிட உனக்கு வயசு கம்மி என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நடுக்கண்ணாடி பார்த்தாள், ஓரக்கண்ணாடி பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். கை வெளுத்திருந்தது. அக்கா காலணியைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு காலையும் மடித்து சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கால்."

"ரோட்டைப் பாரு."

வண்டி மைதானத்தைக் கடந்து இரும்புக் கேட்டை நோக்கிப் போனது. வலது கண்ணுக்குக் கேட்டின் ஒவ்வொரு கம்பியும், கம்பியில் துருவும், துருவில் ஒட்டியிருந்த விளம்பரத்தாளும் தெளிவாகத் தெரிந்தன. நிழல் எதுவும் நாயாக இல்லை. மிதிக்க வேண்டிய இடம் வந்தது. போனது. அக்கா தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வண்டி குலுங்கி நின்றது. பம்பர் கேட்டைத் தொட்டு, கேட் ஒரு தடவை கிணுங்கி ஓய்ந்தது.

டாக்டர் திரும்பி அக்காவின் மடித்த கால்களைப் பார்த்தாள்.

"நீங்க மிதிக்கலியே" என்றாள் டாக்டர்.

"ஒரு சாண் முன்னாடியே மிதிச்சிருக்கணும்" என்றாள் அக்கா. "பின்னாடி எடு. மறுபடி வா."